மீட்ட ஆமையை எங்கே விடுவது?

புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடிக் கரையில் ஆமை என்று சொன்னால் அது கடலாமைதான். பாக் விரிகுடாவில் வலை போடுகிறவர்களுக்குப் பேராமை வேறு, பங்குனி ஆமை வேறு, அழுங்காமை வேறு. ஓட்டைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடுவார்கள். பெரிய அலை இல்லாத, ஆழம் குறைந்த கடல் இது. அடியில் கடற்புல் விரிந்து கிடக்கிறது. பேராமையும் கடற்பசுவும் அந்தப் புல்லை மேய்ந்துதான் வாழ்கின்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

ஒரு காலத்தில் இந்தக் கடலில் ஆமை பிடிப்பது ஊரறிந்த தொழில். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பிடித்த ஆமைகளை உயிரோடு இலங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் அந்தத் தொழிலை முடித்துவைத்தன. கடலாமைக்கு இன்றைக்கும் ஆபத்து இருக்கிறது. ஆனால் அதற்குச் சட்டம் இருக்கிறது, கடலோரக் காவல் குழுமம் இருக்கிறது, வலையில் சிக்கினால் வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களும் இருக்கிறார்கள். கரையை விட்டு மேற்கே போனால் நிலம் மாறுகிறது. பனை, உடைமரம், காரை, சூரை, இடையிடையே புல். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்கள் முழுக்க இப்படிப்பட்ட முள்காடுகள் உண்டு. அந்தக் காட்டுக்கென்றே அமைந்த ஆமை நட்சத்திர ஆமை. உலகத்தில் அதிகம் கடத்தப்படும் ஆமைகளில் அதுவும் ஒன்று.

கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடுக்க வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும். கறுத்த ஓட்டில் பதின்மூன்று பெரிய கட்டங்கள் தெரியும். நடு முதுகில் வரிசையாக ஐந்து, இரு பக்கமும் நான்கு நான்கு. ஒவ்வொரு கட்டமும் ஒரு சிறு மேடு. மேட்டின் உச்சியில் மஞ்சளாக ஒரு புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் மஞ்சள் கோடுகள். முட்டையிலிருந்து வெளியே வந்த நாளில் அந்தக் கட்டம் மொத்தமும் இருந்த அளவுதான் அந்த உச்சிப் புள்ளி. பிறகு வளர்ந்த வளர்ச்சி எல்லாம் அதன் விளிம்பைச் சுற்றி வளையம் வளையமாக வந்து சேர்ந்தது. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் இந்தக் கட்டங்களிலும் இருக்கிறது. ஆக, முதிர்ந்த ஆமை ஒவ்வொன்றும் தன் குஞ்சுப் பருவத்து ஓட்டையும் முதுகில் சுமந்துகொண்டுதான் நடக்கிறது. அந்த வளையங்களை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையம் விழக்கூடும் என்பதால் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் இந்தக் கோலம் பளிச்சென்று தெரியும். காய்ந்த புல்லுக்குள் வைத்தால் காணாமல் போய்விடும். புல்லின் மஞ்சள் தாளும் அவற்றுக்கிடையே விழும் கறுப்பு நிழலும் ஓட்டின் கோடுகளோடு கலந்துவிடுவதால், ஆமையின் உருண்டை விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. காட்டில் அதை மறைத்துவைக்கும் இந்தக் கோலம்தான் சந்தையில் அதற்கு விலை ஏற்றுகிறது.

ஓட்டின் வடிவம் அதைவிட ஆச்சரியமானது. கவிழ்ந்து போன ஆமை திரும்ப எழ முடியாவிட்டால் வெயிலில் வெந்தோ, நரிக்கும் காகத்துக்கும் இரையாகியோ செத்துப்போகும். கரடுமுரடான தரையில் நடக்கும் பிராணிக்கு இது அன்றாட ஆபத்து. தட்டையான ஓடுள்ள நீராமைகள் நீண்ட கழுத்தைத் தரையில் ஊன்றி நெம்பி எழுகின்றன. நட்சத்திர ஆமைக்குக் கழுத்தும் குட்டை, காலும் குட்டை. பிறகு எப்படி எழுகிறது?

இதற்கான விடை கணிதத்தின் வழியாக வந்தது. 1995-இல் ரஷ்யக் கணித மேதை விளாதிமிர் அர்னோல்ட் ஓர் ஊகத்தை முன்வைத்தார். உள்ளே எங்கும் ஒரே அடர்த்தியும், வெளியே குழிவே இல்லாத உருவமும் கொண்ட ஒரு திடப்பொருள், எப்படி வைத்தாலும் உருண்டு உருண்டு ஒரே ஒரு நிலைக்குத் திரும்பி வரும்படி இருக்க முடியும் என்றார். நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் எப்படிச் சாய்த்தாலும் எழுந்துகொள்ளும். ஆனால் அதன் அடியில் பாரம் வைத்திருக்கிறார்கள். அர்னோல்ட் சொன்ன பொருளில் ஒளித்துவைத்த பாரம் கிடையாது, வடிவம் மட்டுமே வேலை செய்ய வேண்டும். ஹங்கேரியைச் சேர்ந்த கணிதவியலாளர் காபோர் தொமோகோஷ் அப்படி ஒன்றைத் தேடத் தொடங்கினார். கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக் கடற்கரையில் மனைவியோடு சேர்ந்து இரண்டாயிரம் கூழாங்கற்களைப் புரட்டிப் பார்த்தார். அவற்றில் ஒன்றுகூட அப்படி இல்லை. கடைசியில் சக ஆய்வாளர் பேத்தர் வார்கொன்யியோடு சேர்ந்து அந்த வடிவத்தைக் கணக்கிட்டே உருவாக்கினார். கொம்பொட்ஸ் என்று அதற்குப் பெயர்.

செய்து முடித்துப் பார்த்தபோது அது எங்கோ பார்த்த உருவமாக இருந்தது. இருவரும் ஆமை ஓடுகளை அளந்தார்கள். 2008-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, கொம்பொட்ஸுக்கு மிக நெருங்கி வரும் ஓடுகளில் ஒன்று இந்திய நட்சத்திர ஆமையினுடையது. கவிழ்ந்து கிடக்கும்போது இதன் உயர்ந்த முதுகில் நிலையாக நிற்க இடமில்லை. ஓடே பக்கவாட்டில் சரிந்துவிடும், காலும் தலையும் கொஞ்சம் தள்ளிக்கொடுத்தால் ஆமை எழுந்துவிடும். இரண்டாயிரம் கல்லில் கிடைக்காத வடிவம் நம் முள்புதருக்குள் நடந்துகொண்டிருக்கிறது!

இந்த ஆமையின் வாழ்க்கையை நடத்துவது மழை. கடுங்கோடையில் புதரடியில் ஒடுங்கிக் கிடக்கும். மழை இறங்கியதும் காலையிலும் மாலையிலும் வெளியே வந்து புல், பூ, உதிர்ந்த பழம் என்று மேயும். இணை சேர்வதும் மழைக்காலத்தில்தான். ஆணைவிடப் பெண் பெரிது. முட்டையிட வரும் பெண் ஆமை இறுகிய மண்ணில் தன் சிறுநீரை விட்டு இளக்கிப் பின்னங்காலால் குழி தோண்டும். அந்தத் தண்ணீர் வறண்ட நாட்களுக்கென்று அது சிறுநீர்ப் பையில் சேர்த்துவைத்தது. ஓர் ஈட்டில் சில முட்டைகள்தான், பத்தைத் தாண்டுவது அபூர்வம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது குழிக்குள் இருக்கும் வெப்பம். வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். முட்டையை உடும்பும் கீரியும் தேடி வரும், குஞ்சைக் காகம் கொத்தும். தப்பிப் பிழைப்பவை சில. அவையும் முட்டையிடும் வயதுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

வறட்சியைத் தாங்குவதற்காக உடம்பு மெதுவாக இயங்குகிறது. உணவும் நீரும் இல்லாமல் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். கடத்தல்காரனுக்குக் கைகொடுப்பதும் இந்தக் குணம்தான். குரங்கையோ கிளியையோ பெட்டிக்குள் அடைத்தால் கத்தும், சில மணி நேரத்தில் செத்தும் போகலாம். ஆமை கத்தாது. துணியில் சுற்றி, கால் வெளியே வராமல் பிசின்நாடா ஒட்டி, பெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். மூச்சுத் திணறியும் நசுங்கியும் சாகிறவை சாகும், மிச்சம் விலையாகும் என்பதுதான் வியாபாரத்தின் கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் சென்னை விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில், தாய்லாந்துக்கு நண்டு அனுப்புவதாகச் சொல்லி வந்த சரக்கிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர ஆமைகளைச் சுங்கத் துறையினர் எடுத்தார்கள். பாங்காக்கின் சட்டுசாக் சந்தையில் இந்த ஆமைகள் வெளிப்படையாக விற்றதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள்.

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று நம் பழமொழி வாசலிலேயே நிறுத்தும் பிராணியை, வேறு ஊர்களில் வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இந்தப் பழமொழியால் ஆமைக்கு ஒரு நன்மை இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் இப்போது நம் நகரங்களிலும் வாஸ்து என்றும் செல்லப் பிராணி என்றும் சொல்லி வாங்குகிறவர்கள் உண்டு. நீல் டிகுரூஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டன. பொறுக்கி எடுப்பவர்களில் பெரும்பாலானோர் கிராமத்து ஏழைகள். அவர்கள் கையில் கிடைப்பது சில்லறை, லாபம் எல்லாம் எல்லைக்கு அப்பால். வன உயிரினக் குற்றத் தடுப்புப் பணியகம் 2016 டிசம்பரில் தொடங்கி நடத்திய ‘ஆபரேஷன் சேவ் கூர்மா’ என்ற தேடுதலில் நாடு முழுக்க 15,739 ஆமைகளை உயிரோடு மீட்டது. அதில் எல்லா வகை ஆமைகளும் அடக்கம்.

எண்ணிக்கையைக் கேட்டதும் ஆமை இவ்வளவு இருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் பிளாண்டிங் ஆமைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து குறித்துவைத்து, ஜஸ்டின் காங்டனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆமையைப் போலத் தாமதமாகப் பருவமடைந்து நெடுநாள் வாழும் உயிர்களில், முதிர்ந்தவையும் வளர்ந்துகொண்டிருக்கும் இளசுகளும் சற்றே கூடுதலாகச் செத்தாலும் போதும், கூட்டம் சரியத் தொடங்கிவிடும் என்று காட்டினார்கள். முட்டைகளை எவ்வளவு காத்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. முயல் கூட்டத்தில் பத்து போனால் அடுத்த பருவத்தில் நிரம்பிவிடும். ஆமைக் கூட்டத்தில் முட்டையிடும் பெண் ஒன்று போனால், அந்த இடத்துக்கு இன்னொன்று வளர்ந்து வரப் பல மழைக்காலம் ஆகும். அதுவரை அது இட்டிருக்கக்கூடிய முட்டைகளும் கணக்கில் இல்லை. ஒரு முள்காட்டை ஒரே பருவத்தில் காலி செய்துவிடலாம். அங்கே ஆமை இல்லை என்று யாருக்கும் உடனே தெரியக்கூட வராது.

சட்டம் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. நெடுங்காலம் நட்சத்திர ஆமை நம் வன உயிரினச் சட்டத்தின், தண்டனை குறைவான நான்காம் அட்டவணையில் கிடந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2019-இல் ஜெனீவாவில் நடந்தது. அதில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், செனகல் ஆகிய நாடுகள் சேர்ந்து முன்மொழிய, அது முதலாம் பட்டியலுக்குப் போனது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதற்கு அத்தோடு தடை வந்தது. 2022-இன் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது உள்நாட்டிலும் முதலாம் அட்டவணைக்கு ஏறியது. இப்போது குறைந்தபட்சத் தண்டனை மூன்று ஆண்டுச் சிறை. வீட்டில் ஒன்று வைத்திருப்பதும் குற்றமே.

சரி, பிடித்தாயிற்று. பெட்டியைத் திறந்தாயிற்று. செய்தித்தாளில் படமும் வந்தாயிற்று. ‘மீட்கப்பட்டன’ என்று தலைப்பு போட்டதும் நாம் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆமையின் கதையில் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

எங்கே கொண்டுபோய் விடுவது? கைப்பற்றிய பெட்டியில் எந்த ஊர்க் காட்டில் பிடித்தது என்று எழுதியிருக்காது. பல இடங்களில் பொறுக்கியவற்றை ஒன்றாகக் கலந்திருப்பார்கள். நட்சத்திர ஆமை மூன்று பகுதிகளில் பிரிந்து வாழ்கிறது: குஜராத், ராஜஸ்தானோடு பாகிஸ்தானின் பகுதிகள் ஓரிடம், தென்கிழக்கு இந்தியா ஓரிடம், இலங்கை ஓரிடம். நெடுங்காலம் பிரிந்திருந்ததால் மரபணுவிலும் வேறுபாடு உண்டு. ஒரு பகுதியின் ஆமையை இன்னொரு பகுதியில் விட்டால் அந்தந்த நிலத்துக்கேற்பப் படிந்த மரபு கலைந்துபோகும். சிங்கப்பூருக்குக் கடத்திப் பிடிபட்டுத் திரும்பி வந்த ஆமைகளை ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். டி.என்.ஏ.வைக் கொண்டு அவற்றின் பூர்வீகத்தைத் தேடிய அந்த ஆய்வு 2006-இல் வெளியானது. திருட்டுப் போன ஊரைத் திருடனைக் கேட்காமல் ஆமையின் இரத்தத்திலேயே தேடும் வேலை அது. 2018 நவம்பரிலும் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பி வந்தன.

ஊர் தெரிந்தாலும் அவசரப்பட முடியாது. நெரிசலான பெட்டிகளில் பல ஊர் ஆமைகளும், சில சமயம் பல நாட்டு ஆமைகளும் மூச்சோடு மூச்சு கலந்து கிடந்திருக்கின்றன. அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமைகளிடையே மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் மூக்கொழுகி இளைத்துச் சாகும் நோய் பரவியது. வீட்டில் வளர்த்த ஆமைகளைக் காட்டில் விட்டது அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். நல்லெண்ணத்தோடு விட்ட ஓர் ஆமை, நலமாக இருந்த கூட்டத்துக்கே நோயைக் கொண்டுபோகலாம். அதனால் மீட்ட ஆமையைத் தனிமைப்படுத்தி வைத்து, சோதித்து, தேற்றி எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. ஆயிரம் ஆமை ஒரே நாளில் வந்து இறங்கினால் எந்த உயிரியல் பூங்காவும் திணறும். 2018 ஏப்ரலில் மடகாஸ்கரின் டுலியாரா நகரில் ஒரே வீட்டுக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் கதிர் ஆமைகள் கிடந்தன. வாடை தாங்காமல்தான் விஷயம் வெளியே வந்தது. மீட்ட பிறகும் நூற்றுக்கணக்கானவை செத்துப்போயின.

விட்டாலும் அவை அங்கே தங்குமா என்பது இன்னொரு கேள்வி. தெரியாத இடத்தில் விட்ட ஆமை தன் ஊரைத் தேடிக் கிளம்பிவிடும், சாலையில் அடிபடும். அமெரிக்காவில் கோஃபர் ஆமைகளை வைத்துச் செய்த சோதனைகளில், விடவேண்டிய காட்டிலேயே வேலி கட்டி ஓர் ஆண்டளவு வைத்திருந்து பிறகு வேலியை எடுத்தால் பெரும்பாலானவை அங்கேயே தங்குவது தெரிந்தது. ஆமைக்கு ஓர் இடம் பழகக் குறைந்தது ஒரு சுற்று வெயிலும் மழையும் தேவைப்படுகிறது.

இவ்வளவையும் பொறுமையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஆமையின் நெருங்கிய உறவே சான்று. மியன்மாரின் வறண்ட நடுப்பகுதியில் வாழ்ந்த பர்மிய நட்சத்திர ஆமை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டில் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. 2004-இல் சுமார் 175 ஆமைகளோடு வளர்ப்பு மையங்களைத் தொடங்கினார்கள். பெரும்பாலானவை கடத்தல்காரர்களிடமிருந்து மீட்டவை. 2017-க்குள் அவை 14,000-ஐத் தாண்டின. அவற்றில் பலவற்றைச் சரணாலயங்களில் வேலிக்குள் பழக்கிப் பிறகு காட்டில் விட்டார்கள். திருடனுக்குக் கை கூசட்டும் என்று ஓட்டில் புத்த மதச் சின்னங்களைப் பொறித்தார்கள். பெரும்பாலும் வெறும் பொருளாகப் பெட்டியில் அடைபட்டிருந்த அந்த உயிர்கள்தான் ஓர் இனத்தையே திரும்பக் கொடுத்தன.

ஆனால் திரும்பிப் போக ஒரு காடு இருந்ததால்தான் அது நடந்தது. நம் ஆமை விரும்பும் முள்காட்டுக்கு அரசுக் கணக்கில் பெரும்பாலும் தரிசு என்றுதான் பெயர். புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரத் தோப்புகள் எவ்வளவு பரப்பை எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது மாவட்டத்து விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை. தைலமரத்தடியில் ஆமை மேயப் புல் எங்கே முளைக்கும்? சூரைப்புதரும் காரைப்புதரும் காசு தராது என்பதற்காக அதை வெறும் நிலம் என்று நினைப்பதை நாம் விட்டாக வேண்டும்.

வீட்டில் ஒரு நட்சத்திர ஆமையை வைத்திருந்து, சட்டத்தைக் கேள்விப்பட்டுப் பயந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துப் புதரில் விட்டுவிடக் கூடாது. காரணத்தை மேலே சொல்லியாயிற்று. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் முறை. மணமேல்குடிப் பக்கத்தவர்களுக்கு அறந்தாங்கியிலேயே வனச்சரக அலுவலகம் இருக்கிறது. மழைக்காலத்தில் சாலையைக் கடக்கும் ஆமையைக் கண்டால், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே, தரையை ஒட்டிப் பிடித்து, மெதுவாகக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வைத்துவிடலாம். உயரத் தூக்கினால் பயத்தில் பையில் இருக்கும் நீரை எல்லாம் விட்டுவிடும், அது கோடைக்குச் சேர்த்துவைத்த நீர். படம் எடுத்து ஊர்ப் பெயரோடு பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் போடவும் வேண்டாம். பார்க்கிறவர்களில் பொறுக்க வருகிறவர்களும் இருப்பார்கள்.